கழிவில் வந்த கேத்தல்

அந்தம்மாவுக்குப் புகார் சொல்லத் தெரியாது, எறியத்தான் தெரியும். தலவாக்கலை டவுனில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில், 'வாடிக்கையாளர் சேவை' என்று மூன்று மொழியிலும் எழுதிய மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த காலம் அது. ஒருநாள் என் காதோரம் ஒரு டின் மீன் பறந்துபோனது. மூடி பாதி திறந்த டின். அது பின்சுவரில் மாட்டியிருந்த 'உங்கள் புன்னகையே எங்கள் வெற்றி' என்ற பலகையில் மோதி, குழம்பெல்லாம் என் முதுகில் வழிந்தது. நிமிர்ந்து பார்த்தால், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், தேயிலை மலையிலிருந்து நேரே இறங்கி வந்த ஒருவர் நிற்கிறார்.

"தின்னு," என்றார். "நீ தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லு. நா பேசாம போயிர்றேன்."

அதுதான் முதல் சந்திப்பு. மீன் கெட்டுப்போயிருந்தது உண்மைதான். நான் முதுகு நாற நாற வேறு டின் எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் தலைத்துண்டை உருவி, சட்டி தேய்ப்பதுபோல அழுத்தித் துடைத்துவிட்டார். துடைத்ததுகூட வலித்தது.

குள்ளமான, அகலமான உடம்பு. ஐம்பது வயது இருக்கும். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அது புருஷன் உடைத்தது என்று அவரே சொல்வார். சொல்லும்போது முகத்தில் வருத்தம் இருக்காது. "எனக்கு அரைப்பல்லுதான் போச்சு. அன்னைக்கு மம்பட்டிக் காம்பால நா குடுத்ததுல அவனுக்கு ரெண்டு முழுசாப் போச்சு" என்று, கடன் தீர்த்தவர் மாதிரி நிம்மதியாகச் சொல்வார். அந்த மனுஷன் குடித்தே செத்துப்போய் வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அதன் பிறகும் அவர் கைக்கு வேலை குறையவில்லை.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பொறுமையைப் பற்றி ஊர் சொல்லி வைத்த வார்த்தை அது. அந்தம்மா அதை அடியைப் பற்றிய வார்த்தையாகவே எடுத்துக்கொண்டிருந்தார். "வாயால சொன்னா ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்ருவானுங்க. ஒன்னு போட்டுட்டுச் சொல்லு, மறக்க மாட்டான்" என்பது அவருடைய கொள்கை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், கணக்கப்பிள்ளை ஒருவர் மேல் கொழுந்துச் சாக்கோடு விழுந்து, ஆளைச் சாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டே நியாயம் கேட்டவர் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கொஞ்சம் பயந்துகொண்டுதான் சிரிப்பார்கள்.

கடையில் என் வேலை சிரிப்பது. இரண்டாவது வேலை, தமிழில் வருகிற திட்டையெல்லாம் சிங்களத்தில் மனுவாக மாற்றிக் கொடுப்பது. எங்கள் மேனேஜர் கண்டிப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசுவார், யாரையும் அதட்டமாட்டார். கொழும்புத் தலைமையகத்திலிருந்து போன் வந்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவார். அந்தம்மா கத்தும்போது என் பக்கம் சாய்ந்து, "மொகத நங்கி கியன்னே?" என்று கேட்பார். என்ன தங்கச்சி சொல்கிறார் என்று அர்த்தம். அந்தம்மா சொன்னது, "இவன் பொண்டாட்டிக்கு இந்தப் பருப்ப அவிச்சுக் குடுத்து அவ வாயிலயே போட்டு மிதிக்கணும்." நான் சொன்னது, "பருப்பில் வண்டு இருக்கிறதாம், சேர்."

அவருடைய புகார்களில் பாதி சரி, பாதி பிழை. அடி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒருமுறை பில்லில் பைக்குக் காசு போட்டிருந்தார்கள். பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக்கூடாது என்று சட்டம் வந்திருந்த நேரம். காசாளர் பிள்ளை அதைச் சிங்களத்தில் விளக்க விளக்க, அந்தம்மா பையைக் கவிழ்த்து அரிசியையும் சவர்க்காரத்தையும் மேசையில் கொட்டிவிட்டு, வெறும் பையை அந்தப் பிள்ளையின் தலையில் தொப்பி மாதிரி மாட்டி, கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார். பிள்ளைக்கு மூச்சு முட்டிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பையைக் கிழித்தேன். அந்தம்மா சாமான்களைப் படங்கில் முடிந்துகொண்டு, "பை ஒங்களுது, ஒங்ககிட்டயே குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அவர் பின்னால் ஓடிப்போய் ஒன்று வைத்திருப்பேன். வைத்திருந்தால் எனக்கு எத்தனை பல் மிஞ்சியிருக்கும் என்பது வேறு விஷயம்.

எனக்கு அவரைப் பார்த்துப் பயம். ஆனால் அவர் வராத வாரங்களில் கடை செத்துக் கிடப்பதாகத் தோன்றும்.

அவரைப் பற்றிச் சொல்ல வந்தால் அந்தச் சித்திரை மாதத்தைச் சொல்லாமல் தீராது. புத்தாண்டு விற்பனைக்காகக் கொழும்பிலிருந்து பெரிய பெனர் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். வாசலுக்கு மேலே இரும்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். தமிழில் அதில் எழுதியிருந்தது: 'அரிசிக்கும் பருப்புக்கும் மாபெரும் கழிவு!'

கடைக்காரர்களின் தமிழில் கழிவு என்றால் விலையில் குறைப்பது. நல்ல வார்த்தை. ஆனால் தோட்டத்தில் அந்த வார்த்தைக்கு வேறு முகம். காலையிலிருந்து மழையில் நனைந்து பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுக்கும்போது, சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை வெட்டுகிறாரே, அதுதான் அங்கே கழிவு. அந்தக் கழிவால்தான் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர் விழும், அரைநாள் சம்பளத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். கழிவு என்ற வார்த்தையை நல்ல அர்த்தத்தில் நானே முதன்முதலில் கேட்டது இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

அந்தம்மா வாசலில் நின்று அண்ணாந்து எழுத்துக்கூட்டினார். "அரிசி...க்கும். பருப்பு...க்கும். மாபெரும்..." கடைசி வார்த்தையை அவர் சத்தமாக வாசிக்கவில்லை. எம்பி, பெனரின் நுனியைப் பிடித்துத் தொங்கினார்.

பெனரோடு கம்பியும் வந்தது. கம்பி சரிந்து, கோபுரம் மாதிரி அடுக்கியிருந்த எண்ணெய்ப் போத்தல்கள் மேல் விழுந்தது. எண்ணெயில் வழுக்கி இரண்டு பேர் விழுந்தார்கள். "இங்கயும் கழிவா! மலையிலதான் வெட்டுறானுங்கன்னு டவுனுக்கு வந்தா, எழுதி வச்சே வெட்டுறீங்களாடா! அதுலயும் மாபெரும்!" என்று அவர் கையில் அகப்பட்ட பருப்புப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் அடித்து உடைத்தார். மேனேஜர் பதறி ஓடிவந்து, "வட்டம் அம்மே, வட்டம்!" என்றார். சிங்களத்தில் வட்டம் என்றாலும் அந்த விலைக்குறைப்புத்தான். அந்தம்மாவுக்கு அந்தச் சிங்களம் தெரியாது. மேனேஜரின் டையைக் கையில் சுற்றிக்கொண்டு, "எதுடா வட்டம்? காட்டுடா, எதுடா வட்டம்?" என்று உலுக்கினார். காவலாளி ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்தார். முன்னாள் இராணுவக்காரர், ஆறடி உயரம். அந்தம்மா குனிந்து அவர் முன்கையைக் கடித்தார். கடித்தார் என்றால் விடவில்லை. இரத்தம் சொட்டியது.

நான் எண்ணெயில் முழங்காலிட்டு அவர் காதருகே போய்க் கத்தினேன். "அம்மா, இது அந்தக் கழிவு இல்லம்மா! இங்க வெட்டுறது அவுங்களுக்கு! நமக்குக் கொறச்சுக் குடுக்கிறாங்க!"

வாயை எடுத்தார். "நமக்கா?"

"ஆமாம்மா."

"கழிவுன்னா நமக்கு வார்றதா?"

டையை விட்டார். அப்படியே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்து, அந்த அரைப்பல் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பொலிஸ் வேண்டாம் என்று அவரேதான் சொன்னார். காவலாளி ஊசி போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் அந்தம்மா காவலாளிக்கு ஒரு பாக்கெட் தேயிலைத்தூள் கொண்டுவந்து கொடுத்து, "ஒங் கையில உப்பே இல்லடா மகனே" என்று சொல்லி அவர் தோளில் தட்டினார். காவலாளிக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளை.

கழிவு தனக்கு வருவது என்று தெரிந்ததும் அந்தம்மாவுக்கு ஒரு பொருளைக் கழிவில் வாங்கியே ஆக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அன்றைக்கு அதிகக் கழிவு போட்டிருந்தது ஒரு கேத்தலுக்கு. கரண்டில் தண்ணீர் கொதிக்க வைக்கிற, பளபளப்பான எவர்சில்வர் கேத்தல். வீட்டில் மருமகள் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளாது, இழுப்பு வந்துவிடும். மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. கேத்தலை வாங்கிய பிறகு ஒவ்வொரு வாரமும் என் மேசைக்கு வந்து அதன் புகழைப் பாடுவார். "சுவிச்சப் போட்டாக் கொதிக்குது புள்ள. அவ ஊதாங்குழலத் தொட்டே பல நாளாச்சு. வாயில்லாப் பூச்சி, இருமுறது கொறஞ்சிருக்கு." மருமகளைத் திட்டாத நாள் கிடையாது என்று அவர் இருந்த லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். கை வைத்ததில்லை என்று அவர் சொல்வார். அவர் சொன்னதை அப்போது நான் நம்பினேனா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

பிறகு கொஞ்ச நாள் அவர் வரவில்லை. மழைக்காலம் பிடித்துவிட்டது.

வந்த அன்றைக்கு எதையும் எறியவில்லை. கேத்தலை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"இது பிழையான சாமானுன்னு எழுதிக் குடு புள்ள," என்றார். "காசு வேணாம்."

நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன். மழை ஒழுகி வீட்டுத் தரை நனைந்து கிடந்திருக்கிறது. மருமகள் வெறுங்காலோடு நின்று கேத்தலைத் தூக்கப் போயிருக்கிறாள். "தூக்கல புள்ள. நிக்கிறா. நின்ன நெலையிலயே ஆடுறா. கண்ணு மேல சொருகிருச்சு. வாயத் தொறக்குறா, சத்தம் வரல. கை அதுலயே ஒட்டிக்கிச்சு." இழுத்தால் தானும் ஒட்டிக்கொள்வோம் என்று தெரிந்திருக்கிறது. அடுப்பங்கரையில் கிடந்த விறகுக்கட்டையை எடுத்து, மருமகளின் கையில், இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அடித்திருக்கிறார். முன்கை எலும்பு இரண்டாக முறிந்தது. கேத்தல் கை விட்டுப் பறந்தது. கொதித்த தண்ணீர் இரண்டு பேர் காலிலும் கொட்டியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து பார்த்தபோது, மருமகள் கை மடங்கி மயங்கிக் கிடக்கிறாள், மாமியார் விறகுக்கட்டையோடு மேலே நிற்கிறார்.

வந்தவர்கள் பார்த்தது அதை மட்டும்தான். வேறு எதைப் பார்க்க வேண்டும்? ஊருக்கே தெரிந்த கை அது.

மருமகளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கேத்தலைத் தொடப்போனது தெரியும், பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான். அவள் வீட்டு ஆட்கள் டயகமவிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் பொலிஸில் புகார் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு மனிதர் கேத்தலைத் தன் வீட்டில் போட்டுப் பார்த்தார். சிலிப்பர் போட்டுக்கொண்டு, காய்ந்த தரையில் நின்று தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. "கேத்தல் நல்லாத்தான் இருக்கு. இவதான் அடிச்சுப்புட்டுக் கத கட்டுறா" என்று அவர் சொன்னது லயம் முழுக்கப் பரவியது. மகன் கொழும்பிலிருந்து வந்தான். அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினானாம். "அடிச்சு அடிச்சே எல்லாரையும் தொலச்சிட்டீங்க." அதன்பிறகு பேசவில்லை. சித்தப்பா வீட்டில் தங்கிக்கொண்டு, அம்மா எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போனான்.

"அவன் மட்டும் நம்பினாப் போதும் புள்ள," என்றார் அந்தம்மா. "பொலிஸு என்னமோ பண்ணட்டும். எழுதிக் குடுத்தியன்னா அவன் கையில குடுப்பேன்."

நான் அதை மேனேஜரிடம் ஒழுங்காகத்தான் சொன்னேன். அவர் கேத்தலைத் தொடாமல் எட்டி நின்று பார்த்தார். காசை முழுதாகத் திருப்பித் தருகிறோம் என்றார். புதுக் கேத்தல் தருகிறோம் என்றார், மேலே வவுச்சரும் தருகிறோம் என்றார். எழுதித் தர முடியாது. கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற டெஸ்டர் ஒன்று கடையிலேயே இருந்தது. அதை வைத்துப் பார்க்கலாமே சேர் என்றேன். "பார்த்தால் எழுத வேண்டிவரும். எழுதினால் கொழும்பு கேட்கும்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, பெனரைக் கிழித்த அன்று கெமராவில் பதிந்த படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். அந்தம்மா காவலாளியின் கையில் பல்லைப் பதித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். "இந்த அம்மா சொல்வதை யார் நம்புவார்கள், நங்கி?" என்றார். மெதுவாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

அந்தம்மா தினமும் வந்தார். யாரையும் தொடவில்லை, திட்டவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் கேத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே கேத்தல்கள் ரேக்கில் கழிவில் போய்க்கொண்டிருந்தன. யாராவது ஒன்றை எடுத்தால், "வாங்காத" என்று மட்டும் சொல்வார். வாங்குகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

பொலிஸ் விசாரணைக்கு முந்தின நாள், தோட்டத்தில் சம்பள நாள். கடையில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் வந்தார். ஒரு கையில் கேத்தல், மறு கையில் ஒரு வாலிபனின் சட்டைக் கொலர். மகன். அவமானத்தில் முகம் கறுத்துப் போயிருந்தான். "விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"பாக்கட்டும். நீயும் பாரு," என்று அவனைக் கதவோரமாகத் தள்ளினார்.

பல்பு, அயன்பொக்ஸ் எல்லாம் வாங்குகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்கு என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் இருந்தது. கேத்தலில் தண்ணீர் ஊற்றி அதில் சொருகினார். ரேக்கிலிருந்து பெரிய தண்ணீர்க் கான் ஒன்றைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோய்த் தரையில் அடித்தார். கான் வெடித்து, பளிங்குத் தரை முழுக்கத் தண்ணீர். கூட்டம் அலறி விலகியது. இன்னொரு கானும் வெடித்தது. "எங்க வீட்டுத் தரை இப்புடித்தான் இருந்திச்சு" என்றார். மேனேஜரை விரலால் கூப்பிட்டார். மாத்தியா என்றால் சிங்களத்தில் ஐயா.

"மாத்தியா. நல்ல கேத்தல்தானே? சப்பாத்தக் கழட்டு. இந்தத் தண்ணியில நின்னு தொடு."

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கேத்தல் கொதிக்கத் தொடங்கியது. எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நங்கி, ஒயா அல்லன்ன," என்றார். நீ தொட்டுக் காட்டு.

நான் சப்பாத்தைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தம்மாவுக்காக என்றால் பாதி உண்மை. நான் ஒரு தடவை அலறினால் போதும், கதவோரம் நிற்கிற மகனுக்கு உண்மை தெரிந்துவிடும், நாளைக்குப் பொலிஸுக்கும் தெரிந்துவிடும். மீதிப் பாதி, மேனேஜர் சொல்லிவிட்டார் என்பது. சொன்னதைச் செய்தே பழகின குடும்பம் எங்களுடையது. தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. கையை நீட்டினேன். அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் காத்திருந்தது இந்த ஒன்றுக்குத்தான். அவருக்கு நன்றாகத் தெரியும்.

விரலுக்கும் கேத்தலுக்கும் நடுவில் இன்னும் கொஞ்சந்தான் இடம் இருந்தது. அந்த அடி எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. கன்னத்தோடு சேர்த்துக் காது, தாடை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. கால் தரையை விட்டது. பிஸ்கட் அடுக்கின்மேல் போய் விழுந்தேன். உதடு கிழிந்து வாயெல்லாம் இரத்தம். காதுக்குள் ஒரே இரைச்சல்.

"அவன் சொன்னாத் தொட்ருவியா?" என்று அந்தம்மா என் தலைக்கு மேலே நின்று கத்துவது தூரத்தில் கேட்டது. "சொன்னாத் தொட்ருவியாடி நாயே? ஒன்னப் பெத்தவ மழையில நின்னு கொழுந்து பறிச்சது, நீ இவன் சொல்லிச் சாகுறதுக்கா?"

காவலாளி அவரைப் பிடித்தார். இந்தத் தடவை கடிக்கவில்லை, திமிறவும் இல்லை. கூட்டத்தில் ஒரு பெண் குரல் சொன்னது, "பாத்தீங்களா, இப்புடித்தான் மருமகளையும் அடிச்சிருப்பா."

அதைக் கேட்டு மகன் நிமிர்ந்தான். அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மேனேஜர் அந்த நேரம் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாகக் கால் வைத்து வந்து, கைக்குட்டையை நாலாக மடித்துப் பிடித்து, பிளக்கைக் கழற்றினார். மகன் அந்தக் கைக்குட்டையையும் பார்த்தான்.

கடையிலிருந்து பொலிஸுக்குப் போன் போனது. ஊழியரை அடித்த குற்றம். எங்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ரேக்கில் மிச்சமிருந்த கேத்தல்களை அன்று பின்னேரமே உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எழுதி மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. நான் அந்தக் கடைக்குத் திரும்பிப் போகவில்லை.

ஸ்டேஷனில் உட்கார ஒரு நீளமான மர வாங்கு. ஒரு முனையில் நான், மறு முனையில் அந்தம்மா. மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றான். பொலிஸ்காரர் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு, அடித்தது இவர்தானே என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம், அடித்தார், அடிக்காவிட்டால் நான் செத்திருப்பேன் என்று சொன்னேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அவர் பேனாவைப் பார்த்தார்.

அந்தம்மா வாங்கில் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்தார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அப்போதும் வலிக்கத்தான் பிடித்தார்.

"வலிக்குதா புள்ள?"

"வலிக்குதும்மா."

"மெதுவாத்தான் போட்டேன். ஒன் கை இன்னும் அதுல படலல்ல, அதான்." தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "அவளத்தான் மெதுவா அடிக்க முடியல. ஒட்டிக்கிட்டா."

சுவரைப் பார்த்து நின்ற மகன் திரும்பினான். வந்து அம்மாவின் காலடியில், அந்தச் சிமெந்துத் தரையில் உட்கார்ந்தான். அவர் மடியில் முகத்தைப் புதைத்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். அந்தம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அரைப்பல்லால் உதட்டைக் கடித்திருந்தார். பிறகு, பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையை ஓங்கி அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார்.

"எழும்புடா. பஸ்ஸு போயிரும். டயகமவுக்குப் போயி அவளக் கூட்டியா."